நீலம் வந்ததும் டிரம்மை நிறுத்திய ஏழுமலை

1. பேடா டப்பா

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆம்பூர் ஏழுமலை எங்கள் லேப் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா. பின்னால் அவருடைய ஒன்பது வயது மகள் செல்வி. சர்க்கரை நோய்க்காக ரிவ்யூவுக்கு வருகிற குடும்பம் இனிப்போடு வந்து நின்றதை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சிஸ்டர், எல்லாரும் எடுத்துக்குங்க. கொழந்தைக்கு சரியாப்போச்சு. ஊசிய நிறுத்திட்டேன்" என்றார்.

நான் சிஸ்டர் இல்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெத்தாலஜி லேபில் டெக்னீஷியன். காட்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, திசுக்களை மெழுகுக் கட்டியில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக்கிக் கொடுப்பது என் தொழில். மைக்ரோடோம் கத்தியை நாங்களே தீட்டிக்கொள்ள வேண்டிய காலம் அது. இதையெல்லாம் ஏழுமலையிடம் நாலு தடவை விளக்கியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் என்றால் அவருக்கு சிஸ்டர்தான்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்ப நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"எட்டு நாளாச்சு. எட்டு நாளும் நீலம். சும்மா சொல்லல, நோட்டுல ஒட்டி வெச்சிருக்கேன் பாருங்க."

2. நான் சொல்லிக்கொடுத்த பாடம்

குற்றவாளி நான்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் எலும்பும் தோலுமாக இருந்தாள். குழந்தைகள் வார்டில் இன்சுலின் போட்டுக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், பெற்றோருக்கு சிறுநீர் டெஸ்ட் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. லேபில் அந்த வாரம் யாரோ லீவு.

டெஸ்ட் எளிது. பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி, சிறுநீர் எட்டு சொட்டு, கொதிக்க வை. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகப்போக சர்க்கரை ஜாஸ்தி. நோட்டில் பிளஸ் குறி போட்டு எழுத வேண்டும்.

ஏழுமலை ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சாயப் பிரிவு மேஸ்திரி. பிளஸ் குறி அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் ரிவ்யூவுக்கு வந்தபோது நோட்டின் பக்கமெல்லாம் தோல் துண்டுகள். ஒவ்வொரு நாளும் டியூபில் என்ன ஷேட் வந்ததோ, அதே ஷேடில் சாயமேறிய ஒரு விரற்கடைத் தோலைத் தேடி ஒட்டியிருந்தார். நாங்கள் ஐந்து நிறம் பார்க்கிற இடத்தில் அவர் பன்னிரண்டு பார்த்திருந்தார். டிபார்ட்மென்ட் முழுக்க அந்த நோட்டைக் கைமாற்றிப் பார்த்தது. நானும் பெருமையாக, "நீலம் வந்தா நல்லதுங்க, அதுதான் நமக்கு வேணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கே தப்பு நடந்தது என்பது இப்போதுதான் அவர் வாயால் தெரிந்தது.

"டிரம்முல தோல் சுத்துது. சாயம் ஏறுது. அப்பப்ப ஒரு துண்ட வெட்டி, காயவெச்சி, சாம்பிளோட வெச்சிப் பாப்போம். ஷேட் வந்துடுச்சின்னா டிரம்ம நிறுத்திடணும் சிஸ்டர். அதுக்கு மேல ஓட்டுனா சரக்கு கெட்டுடும். நீங்கதான் நீலம் வேணும்னீங்க. வந்துச்சி. நிறுத்திட்டேன்."

இருபது வருஷம் அந்தப் பிரிவில் நின்றவர் வேறு எப்படிச் செய்வார்? நான் சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். அதுதான் ஆபத்து.

3. ஜன்னல் வெளிச்சம்

குழந்தைகள் டாக்டர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "யாரக் கேட்டு நிறுத்தின? பொண்ணு உயிரோட வேணுமா வேணாமா?" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். ஏழுமலையின் முகம் இறுகிவிட்டது. செல்வியின் சிறுநீரோடு லேபுக்குத் திரும்பி வந்தார்.

நான் டெஸ்ட் செய்தேன். நல்லவேளை, உயிருக்கு ஆபத்து என்று காட்டும் அசிட்டோன் இல்லை. ஆனால் பெனடிக்ட் டியூபைப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நிறம் பார்க்கிற கண் பொய் சொல்லாது.

"பச்ச கலந்துருக்கு" என்றார் மெதுவாக. உடனே, "நேத்து அவ அம்மா கேசரி குடுத்துட்டா. எல்லாம் அவளால வந்தது. சின்ன வயசுலருந்து வெல்லத்த ஊட்டி ஊட்டியே கொழந்தைக்கு இத வரவெச்சா. நான் இனிப்ப நிறுத்திக்கிறேன். ஊசி வேணாம். தெனம் ரெண்டு வாட்டி குத்தும்போது இது அழுவுறத என்னால பாக்க முடியல."

செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் இப்படியே பஸ் ஏறிவிட்டால் அடுத்த முறை அவளை எந்த நிலைமையில் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. டாக்டர் கத்தியாயிற்று. நானும் கத்தினால் காது இன்னும் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் டிபார்ட்மென்ட் தலைவரிடம் ஓடினேன். "சார், அந்தக் கணையம் ஸ்லைடை இவருக்குக் காட்டட்டுமா?"

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காட்டும்மா. லென்ஸை ஸ்லைடுல இடிக்காம பாத்துக்க."

4. சாயமேறிய பொடியன்கள்

மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வைத்திருந்த பழைய ஸ்லைடு அது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும். ஐலெட் என்போம். சாயம் ஏற்றினால் அவை வெளிர் ரோஸில் தெரியும். இந்த ஸ்லைடில் சில திட்டுகளைச் சுற்றி, உள்ளேயும் புகுந்து, கருநீலப் புள்ளிகள் மொய்த்திருந்தன. லிம்போசைட்டுகள். ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பு அணுக்கள்.

ஏழுமலை குனிந்து பார்த்தார். நோயைப் பற்றி எதுவும் கேட்காமல், "இன்னா சாயம் இது?" என்று கேட்டார்.

"ஹெமடாக்ஸிலின். ஒரு மரத்துலருந்து எடுக்கறது."

"நல்லா புடிச்சிருக்கு. யாரு போட்டது?"

"நான்தான்."

முதல் தடவையாக என்னைத் தொழில்காரியாகப் பார்த்தார். அந்த மரியாதை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். "அந்தக் கருநீலப் பொடியனுங்க நம்ம ஒடம்போட வாட்ச்மேனுங்க. கிருமி வந்தா அடிச்சி வெரட்டறது அவங்க வேல. சில கொழந்தைங்களுக்கு, ஏன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல, அவங்க ஆள் தெரியாம இன்சுலின் செல்லையே அடிக்கிறாங்க. சொந்த டேனரி ஆளுங்களயே கேட்டுல வெச்சி அடிக்கிற மாதிரி."

"அப்ப வெல்லம்?"

"வெல்லத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஊட்டாம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு மாசமா அவகிட்ட நான் சரியாப் பேசல" என்றார். ஸ்லைடை லேசாக நகர்த்திக் கொடுத்தேன்.

"நில்லுங்க சிஸ்டர். தள்ளாதீங்க. இந்த மூலைல ஒண்ணு இருக்கு பாருங்க. அதுகிட்ட பொடியனுங்க போவவே இல்ல."

நான் பார்த்தேன். இருந்தது. புள்ளி மொய்க்காத, முழுசான ஒரு ஐலெட். வருஷாவருஷம் மாணவர்களுக்கு அடிபட்ட திட்டைக் காட்டிவிட்டு ஸ்லைடை எடுத்துவிடுவேன். மூலையைக் காட்டியதே இல்லை.

"ஒரே லாட்டுல எல்லாத் தோலும் ஒண்ணா சாயம் புடிக்காது" என்றார் ஏழுமலை, தனக்குத்தானே சொல்வது போல. "அப்ப செல்விக்கும் இப்டி கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதான் எட்டு நாள் நீலம் காட்டுச்சி."

"அதேதான். நீங்க போட்ட ஊசி பாதி பாரத்த தூக்கிக்கிச்சி. மிச்சம் இருந்தது ஓய்வெடுத்து, தெம்பா வேல செஞ்சிச்சி. ஊசிய நிறுத்தினதும் எல்லாப் பாரமும் அது தலைல."

"ஊசி போட்டா பொடியனுங்க நின்னுடுவாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். "நிக்க மாட்டாங்க" என்றேன். "அவங்கள நிறுத்த யாருகிட்டயும் மருந்து இல்ல. ஒருநாள் இந்த மூலைல இருக்கறதும் போயிடும். அப்பவும் செல்வி நல்லா இருப்பா, ஊசி இருந்தா. இல்லன்னா இருக்க மாட்டா."

அவர் நிமிர்ந்தார். "இந்த ஸ்லைடு யாரோடது?"

"பேர் தெரியாது. நம்பர்தான் இருக்கு. ஒரு கொழந்த."

அவர் லென்ஸை விட்டு விலகினார். செல்வியிடம் போய், "வாம்மா, வார்டுக்குப் போலாம்" என்றார். அவள் எழுந்து, "அழமாட்டேன், ஆனா நீ குத்தாத. உன் கை நடுங்குது. நானே போட்டுக்கறேன்" என்றாள். அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டோம், ஏழுமலையும்தான். வார்டில் நிஜமாகவே கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, மருந்தை ஏற்றி, தொடையில் அவளே போட்டுக்கொண்டாளாம்.

பேடா முழுவதையும் நாங்கள் தின்று தீர்த்தோம்.

5. வளையத்தில் ஐந்து துண்டு

அடுத்த ரிவ்யூவுக்கு ஏழுமலை மனைவியோடு வந்தார். "அந்த நீலப் பொடியனுங்கள இவளுக்கும் காட்டுங்க சிஸ்டர். நான் சொன்னா நம்பமாட்டேன்றா." அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையால் லென்ஸைத் துடைக்கப் போனார், நான் பிடித்துக்கொண்டேன். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்து, "வெல்லம் எங்கயும் காணோமே" என்றார். ஏழுமலை வேகமாக ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

பின்னால் வந்த வருஷங்களில் அந்தப் பொடியன்களுக்குள் ரகம் பிரித்து, டி செல்தான் இதில் முக்கியமான ஆள் என்று சார் எங்களுக்கு வகுப்பெடுத்தார். செல்விக்கு மூலையில் இருந்த மிச்சமும் ஒன்றிரண்டு வருஷத்தில் போய், ஊசியின் அளவு கூடியது. வீட்டில் யாரும் பேஜாராகவில்லை. முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே. நான் வேறு பிரிவுக்கு மாறியபோது அவள் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். மத்தியான ஊசியைச் சாப்பாட்டு மேஜையிலேயே போட்டுக்கொள்வாள் என்று கேள்விப்பட்டேன்.

இளைய டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அன்றைக்கு நான் அதைக் கேட்டிருந்தால் டிரம் விஷயம் அப்போதே வெளியே வந்திருக்கும்.

எங்கள் லேபில் ஓர் இரும்பு வளையத்தில் ஐந்து தோல் துண்டுகள் ரொம்ப காலம் தொங்கின. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. ஏழுமலை செய்து கொடுத்தது. பெற்றோருக்கு டெஸ்ட் சொல்லித்தரும்போதெல்லாம் அதைத்தான் கையில் கொடுப்போம். நீலத்துண்டைத் திருப்பினால் பின்பக்கம் அவருடைய கோணல் எழுத்தில் இருக்கும்: "இது வந்தாலும் டிரம் நிக்கக் கூடாது."