ஸ்டெல்லா ஆன்ட்டி கேட்டு வாங்கிய இருட்டு

எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப்போகிறேன். நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், அப்பா சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் கூட்டி எழுதிவிடுகிறார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு அது பிடிக்காது. கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் ரொம்ப அழகாக வந்தால், பிற்காலத்தில் அவர் முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான்.

செய்தி வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். நான் பள்ளிக்குக் கிளம்பி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஷிப்டுக்குப் போயிருந்த அப்பா, சீருடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, "ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்கம்மா" என்றார். நெஞ்சு வலி என்று பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

தொழிற்சாலை இதழான தொழிலாளர் மலரில் அவரைப் பற்றி எழுத முதலில் அப்பாவைத்தான் கேட்டார்கள். அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

மலரை வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் நம் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான பக்கக் கண்ணாடிகள் செய்கிறார்கள். பிரஸ் ஷாப்பில் தகட்டை வெட்டி வளைத்துச் சட்டம் செய்வார்கள். பெயின்ட் ஷாப்பில் அதற்கு வண்ணம் அடிப்பார்கள். அசெம்பிளியில் கண்ணாடியைப் பொருத்தி நேராக லாரியில் ஏற்றுவார்கள். பிரஸ் ஷாப்புக்குக் கஜேந்திரன் அண்ணன் சூப்பர்வைசர். அசெம்பிளிக்கு என் அப்பா தணிகாசலம். ஸ்டெல்லா ஆன்ட்டி திட்டமிடும் அதிகாரி. சென்னீர்குப்பத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்தார்.

அம்மா சனிக்கிழமைகளில் தையல் வகுப்புக்குப் போவதால், பள்ளி விட்டதும் நான் தொழிற்சாலைக்குப் போய் அப்பாவுக்காகக் காத்திருப்பேன். ஸ்டெல்லா ஆன்ட்டி தன் அறையில் ஒரு நாற்காலி கொடுப்பார். நூலகப் புத்தகத்தைப் பிரித்தால் தொந்தரவு செய்யவே மாட்டார். அது குளிரூட்டிய அறை. அவர் எப்போதும் கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் அவர் கேட்டு வாங்கிய புதிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிரிவும் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது திட்டம், என்ன செய்தது என்பது கணக்கு. இரண்டையும் அது ஒப்பிட்டுக் காட்டும். திட்டத்தை எட்டிய பிரிவு பச்சை, எட்டாத பிரிவு சிவப்பு. பழைய மாதங்களை அலை மாதிரி கோடுகளாக வரையும். எம்.டி.க்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் வந்து நின்று பார்ப்பார். சிவப்பாக இருக்கும் பிரிவின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்.

அசெம்பிளிதான் அடிக்கடி சிவப்பு. பிரஸ் ஷாப் எப்போதும் பச்சை. அதனால் அசெம்பிளியை மூடிவிட்டு, அந்த வேலையைக் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று எம்.டி. முடிவு செய்தார். அப்பாவை வெளிமாநிலத்தில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலைக்கு அனுப்புவதாகப் பேச்சு. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு அந்தப் பேச்சும் இல்லை. வீட்டில் அம்மா என் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கணக்குப் பாடத்தைத் திறந்தால் எதுவும் மனதில் ஏறவில்லை. அப்பா இதைப் பற்றி ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மென்பொருளைக் கொண்டுவந்தவரே அவர்தானே என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. எஸ்டேட்டில் கரண்ட் போவது புதிதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் உண்டு. ஷாப்பில் மெஷின்கள் நின்றாலும் இங்கே விளக்கு கண் சிமிட்டிவிட்டு எரியும், ஏ.சி. சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. அன்று ஜெனரேட்டரும் பழுது. அறை இருண்டது. ஸ்டெல்லா ஆன்ட்டி ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தார், நானும் வந்தேன். பிரஸ் ஷாப் முழுக்க அமைதி. ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்வரை கரண்ட் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் திரையில் அந்த நாளைத் தேடி எடுத்தார். பிரஸ் ஷாப்: பச்சை. திட்டமிட்டது அத்தனையும் செய்ததாகக் கணக்கு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கலை, அன்னிக்கு நாம ரெண்டு பேரும் கனவு கண்டோமா?" என்றார். பிறகு கஜேந்திரன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்.

அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். காலெல்லாம் ஆயில். செருப்பைக் கழற்றினாலும் உள்ளே வர முடியாது. ஸ்டெல்லா ஆன்ட்டி எங்கிருந்தோ ஒரு சாக்கைக் கொண்டுவந்து வாசலில் விரித்தார். "தொடச்சிட்டு அப்படியே வாங்க கஜா. கம்ப்யூட்டர் ஒண்ணும் சாகாது" என்றார்.

திரையைக் காட்டியதும் அண்ணன் மறுக்கவில்லை. நல்ல நாட்களில் கூடுதலாகச் செய்ததைக் கணக்கில் காட்டாமல், ஷாப்புக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்களாம். கரண்ட் போன நாளில் அதை எடுத்து அன்றைக்குச் செய்ததாக எழுதுவார்களாம்.

"இன்னா மேடம் பண்ண சொல்றீங்க? செவப்பு வந்தா எம்.டி. நிக்க வெச்சி கேக்குறாரு. அதுக்குத்தான் கொஞ்சம் கையில வெச்சிகினு கீறோம். பெயின்ட் ஷாப்லயும் அதே கததான்."

"உங்கள தப்பு சொல்லல கஜா. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா உங்க பச்சைய பாத்துட்டுத்தான் தணிகாசலத்தோட செவப்ப எம்.டி. பாக்குறாரு. தணிகாசலம் பண்றது நேரா லாரில ஏறிடுது. எதை ஒளிச்சி வெப்பாரு?"

அண்ணன் காலைச் சாக்கில் இன்னொரு முறை தேய்த்தார். "தணிகா எங்கிட்ட ஒரு வார்த்த கூட சொல்லலியே மேடம்" என்றார்.

"அவருக்கு எப்படித் தெரியும்? இந்தத் திரைய பாக்கறது எம்.டி.யும் நானும்தான்."

எம்.டி. அறையில் நடந்ததை அப்பா சொல்லித்தான் அறிந்தேன். ஸ்டெல்லா ஆன்ட்டி யார் பெயரையும் சொல்லாமல், இத்தனை நாள் தான் காட்டியது சரியான படம் இல்லை என்று ஒப்புக்கொண்டாராம். எம்.டி. கோபமாக, "அப்ப இந்தக் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார். "கேள்வி கேக்கறதுக்கு சார். பதில் கீழ ஷாப்லதான் இருக்கு. செவப்புன்னா திட்டறதுக்கு இல்ல, எறங்கிப் போய் பாக்கறதுக்கு" என்றாராம். சிவப்புக்காக இனி யாரையும் நிற்க வைப்பதில்லை என்று எம்.டி. வாக்குக் கொடுத்தால், எல்லாப் பிரிவினரும் மறைத்து வைத்ததைக் கணக்கில் கொண்டுவருவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். எம்.டி. உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் கேன்டீனில் ஸ்டெல்லா ஆன்ட்டி தனியாகச் சாப்பிட்டார். காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் எழுத ஆசை. ஆனால் ஒரு சனிக்கிழமை அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

கடைசியில் எம்.டி. சம்மதித்தார். தார்ப்பாயை விலக்கி எல்லாவற்றையும் எண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்று, பிரஸ் ஷாப்பின் கோடு திரையின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. ஸ்டெல்லா ஆன்ட்டி எல்லோரையும் உள்ளே கூப்பிட்டிருந்தார். "மேடம், உங்க டிவியில எங்க ஊரு தேரு நிக்கிது" என்றார் வெள்ளானூர்க்காரரான கஜேந்திரன் அண்ணன். முதலில் சிரித்தது எம்.டி.தான்.

ஆனால் சட்டங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. எந்த அளவுச் சட்டம் வரவில்லை என்று அப்பாவின் ஆட்கள் கைகட்டிக் காத்திருந்தார்களோ, அந்த அளவுதான் தார்ப்பாய்க்கு அடியில் அதிகம் இருந்தது. அசெம்பிளியின் சிவப்பு அசெம்பிளியில் உண்டானதே இல்லை. கஜேந்திரன் அண்ணன் அப்பாவின் தோளில் கை வைத்து, "எனக்குத் தெரியாது தணிகா, சத்தியமா தெரியாது" என்றார். அப்பா, "எனக்கும்தான் தெரியாது, வுடு" என்றார்.

அடுத்த மாதத் திட்டத்தை ஸ்டெல்லா ஆன்ட்டி மூன்று சூப்பர்வைசர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் போட்டார். காண்டிராக்ட் பேச்சு தள்ளிப்போய், பிறகு நின்றே போயிற்று. நான் அதே பள்ளியில் படிக்கிறேன்.

அவர் எம்.டி.யிடம் தனக்காகக் கேட்டது ஒன்றுதான். ஜெனரேட்டர் கம்ப்யூட்டருக்கு மட்டும் இருக்கட்டும், அறை விளக்கை ஷாப் லைனோடு சேர்த்துவிடுங்கள் என்றார். ஷாப்பில் கரண்ட் போனால் தன் அறையும் இருட்ட வேண்டும். "வெளிச்சம் வேணும்னு கேட்டு வந்தவங்கள பாத்திருக்கேன். இருட்டு வேணும்னு கேக்கறது நீங்கதாம்மா" என்றாராம் எம்.டி.

போன வாரம் அஞ்சலிக் கூட்டத்துக்கு அப்பாவோடு நானும் வந்தேன். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கேன்டீனில் கூடினோம். முடிந்ததும் யாரும் சொல்லாமலே அவர் அறைக்கு நடந்தோம். சாக்கு வாசலில் கிடந்தது. ஸ்வெட்டர் நாற்காலியில் தொங்கியது, அதை அவர் தம்பி எடுத்துக்கொண்டார். என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஒரு பெண்ணை மந்தம் என்று யாராவது சொன்னால், அவள் வீட்டில் அன்றைக்குக் கரண்ட் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

எல்லோரும் வெளியே வந்த பிறகும் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கஜேந்திரன் அண்ணன் திரும்பிப் போனார். "ஷாப்ல மெஷின் நிக்கசொல்ல இங்க லைட் எரிஞ்சா மேடத்துக்குப் புடிக்காது" என்று சொல்லிச் சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது.