புங்கஞ்சருகு கொடுத்த மண்

போன வருடம் மாசியில் எனக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. ஆறு மாதம் தறிக்குழியில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதியில் நின்ற பட்டுப்புடவையை என் மனைவி நெய்ய உட்கார்ந்தாள். சமையலும் அவள்தான், தறியும் அவள்தான். வீட்டுக்குள் தறிச்சத்தம் கேட்கும்போது சும்மா படுத்திருக்க எனக்கு உடம்பு கூசும். அதனால் பின்பக்கத் தோட்டத்துக்கு வந்து நிற்பேன்.

தோட்டம் என்று பேர்தான். வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த கட்டாந்தரை அது. வைத்த செடியெல்லாம் முழங்கால் உயரத்தில் காய்ந்துபோகும். பங்குனி பிறந்ததும் பக்கத்து வீட்டுப் புங்கமரம் இலை முழுவதையும் எங்கள் பக்கம் கொட்டியது. அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மனைவியை இழந்தவர். ஒருநாள் காலையில் துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"உனக்கு தெனம் பேஜாரா கீதுப்பா. மரத்த வெட்ட ஆளுக்குச் சொல்லிட்டேன்."

"ஐயோ, வேணாங்கண்ணா. மரம் இருக்கட்டும். சருக எனக்கு உட்டுடுங்க, எருவாக்கிப் பார்க்கறேன்" என்றேன். அதுவரை ஒரு கூடை எருகூட நான் செய்ததில்லை. மரம் போய்விடுமே என்ற பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவரும் சரியென்று வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

வீட்டுச் சுவரை ஒட்டியே சருகைக் குவித்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கிளறிப் பார்த்தால், அடிவரைக்கும் உலர்ந்தே கிடந்தது. சுவரில் கரையான் புற்று கோடு போட்டு ஏறியிருந்தது. நான் போட்ட சத்தம் கேட்டு வந்த மனைவி முகம் வெளிறிப் போனாள்.

"இன்னாங்க இது? சுவத்துக்கு அந்தப் பக்கம் தறி கீது. தறி மரத்துல ஏறிச்சுன்னா நம்ம பொழப்பு இன்னா ஆவறது?"

முதுகு வலியில் என்னால் குனிந்து அள்ள முடியவில்லை. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன் நான் கூப்பிடும் முன்பே மண்வெட்டியோடு வந்துவிட்டார். வேர்வை ஒழுக ஒழுக, குவியல் முழுவதையும் தோட்டத்துக் கோடி மூலைக்கு மாற்றினார். கரையான் கோட்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவினோம். தறிக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். நல்லவேளை, ஏறவில்லை.

"காய வச்சா கரையான் தாம்பா வரும். சாணி கரைச்சு ஊத்தி, ஈரமா வச்சுக்கினு இருக்கணும்" என்றார் அவர். சாணத்துக்குப் பால்காரரைப் பிடித்தோம். அரிசி கழுவிய தண்ணீரை மனைவி ஊற்றினாள். வாரம் ஒருமுறை குவியலைப் புரட்டிப்போட அவரே வருவார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளிப்பேன். தனியாகவே இருந்து பழகிய மனுஷன், வேலை முடிந்ததும் டீ குடித்தபடி பஸ்ஸில் நடந்த கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். வலியில் கிடந்த எனக்கு அந்த ஒரு கிழமைக்காகவே நாள் நகர்ந்தது.

ஆடியில், குவியல்மேல் மூடி வைத்திருந்த கோணியை விலக்கினால், சருகின் உருவமே இல்லை. கறுப்பாக, உதிரியாக, முதல் மழை பெய்த வாசனையோடு மண் இருந்தது. கையில் அள்ளியதும் மண்புழு நெளிந்தது. கட்டாந்தரையைக் கொத்தி அதைக் கலந்து கத்திரியும் அவரையும் வைத்தோம்.

அவரை பந்தலேறிப் பூத்தபோது நான் காலையில் இரண்டு மணி நேரம் தறியில் உட்காரத் தொடங்கியிருந்தேன். முதல் கத்திரிக்காய் பறித்த அன்று அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். எண்ணெய்க் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "வூட்டுல நாலு பேர் கூட குந்தி துன்னு எத்தினி நாளாச்சு."

என் மனைவி எழுந்து உள்ளே போய் இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவந்தாள். அந்த இரண்டு பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், அவர் இலையில் அப்பளத்தை வைத்தேன்.