ஸ்பிட்டி பனியோடு மதுரையிலிருந்து புதுக்கோட்டைக்கு

பனியாறுகளில் உயிர் வாழும் நுண்ணுயிரிகள்தான் என் ஆராய்ச்சி. ஜூன் மாதம் இமயமலையில் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு மேலே எடுத்த பனி மாதிரிகளைப் புதுக்கோட்டையில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். மலையில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

மதுரை விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு 3,200 ரூபாய். மடியில் தெர்மோகோல் பெட்டி, அதற்குள் ஆறு குழாய்கள், சுற்றிலும் உறைந்த ஜெல் பைகள். உருகிச் சூடேறினால் குளிருக்குப் பழகிய உயிர்கள் செத்துவிடும். திரும்ப அந்த மலைக்குப் போக நிதி கிடைக்காது. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே வந்தேன், மைனஸ் நான்கு.

திருமயத்தை நெருங்கும்போது ஆய்வகத்திலிருந்து போன். டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம், சாயங்காலம் வரை கரண்ட் வராதாம்.

ஓட்டுநர் செல்வம் திரும்பிப் பார்த்தார். "எங்க அக்கா மீனா இங்கதான் ஐஸ்கிரீம் கடை வச்சிருக்கு மேடம். கேட்டுப் பாப்பமா?"

கடையில் கரண்ட் இருந்தது. மீனா பெட்டியைப் பார்த்தார். "உள்ள என்னங்க?"

"பனிமலையில வாழுற கிருமிங்க."

"ஆளுக்கு நோய் வருமா?"

வராது என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். "இதுகளுக்கு நம்ம ஒடம்புச் சூடு ஆகாது. ஆனா இன்னும் சோதிக்கலக்கா. சத்தியம் பண்ண முடியாது" என்றேன்.

"அப்ப ஐஸ்கிரீமோட வைக்க முடியாது."

அடுத்த நிமிடம் அவர் ஒரு ப்ரீசரைத் திறந்து கப்புகளை வெளியே எடுக்கத் தொடங்கினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இதெல்லாம் அங்கிட்டு உள்ள பெட்டியில போடுங்க. இதக் காலி பண்ணித் தாரேன்."

மற்ற ப்ரீசரில் இடம் போதவில்லை. மிஞ்சியதை நானும் செல்வமும் வாங்கி, பேருந்துக்கு நின்றவர்களுக்குக் கொடுத்தோம். சாயங்காலம் கரண்ட் வந்த செய்தி கிடைத்ததும் ப்ரீசரைக் கிருமிநாசினியால் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது, ஓரத்திலிருந்த இரண்டு குழாய்களில் பனி வழியிலேயே உருகி மறுபடி உறைந்திருந்தது.

இப்படிப் பயணம் போகிறவர்கள் ஜெல் பையை மட்டும் நம்பாதீர்கள். கிளம்பும் முன் ஆய்வகத்தில் கரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். வழியில் யாரிடம் ப்ரீசர் இருக்கிறது என்றும் விசாரித்து வையுங்கள். உதவுகிறவரிடம் உள்ளே இருப்பதை மறைக்காதீர்கள்.

மற்ற குழாய்களின் பனியிலிருந்து கிருமிகளை வளர்க்க வைத்த தட்டுகள் வாரக்கணக்கில் வெறுமையாகவே இருந்தன. தூக்கம் கெட்டது. பிறகு ஒரு காலையில், ஒரே ஒரு தட்டில், இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி. படத்தை மீனாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"எம்புட்டுப் பெருசுங்க?"

"கடுகளவு இருக்குக்கா."

"இந்தக் கடுகுக்கா என் கடைய காலி பண்ணுனேன்?" சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "அதுக்கு இப்பக் குளிரு போதுதா?"