கான் பலகையும் நிறைகுடமும்

சாவகச்சேரிக் கடைத்தெருவில் நடைபாதை என்று நாங்கள் சொன்னது, கழிவுநீர் ஓடும் கானை மூடிப் போட்டிருந்த கொங்கிறீட் பலகைகளைத்தான். என் தையற்கடை வாசலுக்கு நேரே இருந்த பலகை உடைந்து, ஒரு கால் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை. பட்டின சபைக்கு மூன்று பெட்டிசம் எழுதினேன். வேலையாட்கள் வந்தார்கள், பக்கத்துப் புடவைக்கடை வாசலுக்குப் புதுப் பலகை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கடைக்காரர் யாரைப் பிடித்தாரோ தெரியாது. காலையில் அவர் அந்தப் பலகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு பற்றி எரியும்.

என் மனைவிக்குச் சிறுவயதிலேயே இடது கால் சூம்பிப்போனது. மத்தியானம் சோறு கொண்டு அவள் அந்த ஓட்டையைத் தாண்டுகிறபோது என் மிசின் தானாக நின்றுவிடும். என்றைக்காவது விழப்போகிறாள் என்ற பயம் எனக்கு.

சபைக்குப் புதுத் தலைவர் வந்தார். அவர் கடைத்தெரு வழியே ஊர்வலமாக வருகிறார் என்றதும், எல்லோரும் வாசலில் நிறைகுடம் வைப்பதென்று முடிவாயிற்று. மனிதரை மறித்து, ஓட்டையைக் கையோடு காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அன்று காலை பார்த்தால், புடவைக்கடைக்காரர் மேசையில் பட்டு விரித்து இடுப்பளவு குத்துவிளக்கு இரண்டு வைத்திருக்கிறார். விடுவேனா நான்? மாமனார் வீட்டுப் பெரிய மேசையையும் பித்தளைக் குடத்தையும் விளக்கையும் வண்டிலில் ஏற்றிவந்தேன். அவ்வளவு பெரிய மேசைக்கு வேறு இடமில்லை. உடைந்த பலகைக்கு மேலேயே வைத்து, வெள்ளைத் துணியை நிலம் முட்ட விரித்தேன்.

"ஓட்டையைக் காட்டத்தானே அவரை மறிக்கப்போறியள்? அதை மூடிப்போட்டு எதைக் காட்டுறது?" என்றாள் மனைவி.

"புடவைக்கடைக்காரரின்ரை மேசையிலும் பாக்கச் சின்னனாய் வைக்கச் சொல்லுறியோ?" என்று சீறினேன். அவள் குடத்துக்கு மாவிலை வைத்தாள்.

தலைவர் என் வாசலில்தான் கூடநேரம் நின்றார். சந்தனம் தொட்டுக்கொண்டு, "நல்ல வடிவாய் வைச்சிருக்கிறியள்" என்றார். நான் கடைக்கண்ணால் புடவைக்கடைக்காரரைப் பார்த்தேன். உச்சி குளிர்ந்தது.

"ஐயா, உந்தக் கான் பலகை உடைஞ்சுபோய்க் கிடக்குது" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைத் துணிதான் தெரிந்தது. துணியைத் தூக்கினால் விளக்கும் குடமும் சரியும். நல்ல நாளில் நிறைகுடத்தைச் சரிக்க எவனுக்கு மனம் வரும்?

"எழுதித் தாங்கோ, பாப்பம்" என்றுவிட்டுத் தலைவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

ஊர்வலம் முடிந்து மேசையை நான் உள்ளே இழுத்தேன். குடத்தோடு பின்னால் வந்த மனைவியின் நல்ல கால் ஓட்டைக்குள் போயிற்று. நான் மேசையைச் சுற்றி ஓடிவருவதற்குள் புடவைக்கடைக்காரர் பாய்ந்து அவளைத் தூக்கிவிட்டார். கணுக்கால் புடைத்துப்போயிருந்தது.

"தங்கச்சி, இனி என்ரை வாசலாலை வாங்கோ" என்றார் அவர்.

கால் சுகமானதும் அவள் அப்படியே செய்தாள். அவருடைய புதுப் பலகையில் ஏறி, அவருடைய விறாந்தையில் கொஞ்சம் இளைப்பாறி, அவரோடு நாலு வார்த்தை கதைத்துச் சிரித்துவிட்டுத்தான் என் கடைக்குள் வருவாள். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊசி என் விரலில் ஏறும்.

இரண்டு வருடம் கழித்து என் வாசலுக்கும் புதுப் பலகை வந்தது. அன்றே நான் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மத்தியானம் வாசலில் போய் நின்றேன். அவள் சோற்றோடு புடவைக்கடை வாசலால் வந்தாள்.