ஊமைப் படம் காட்டிய அதிகாரி

கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் அவர் பாதுகாப்பு அதிகாரி. வாரிய தலை கலைந்துவிடும் என்று ஹெல்மெட்டை எப்போதும் கக்கத்தில்தான் இடுக்கியிருப்பார். புது ஆட்களுக்குப் பாதுகாப்புப் படம் போட்டுக் காட்டும் அவருடைய லேப்டாப், சவுண்ட் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து ஊமையாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் கணினி சர்வீஸ்காரனான என்னைக் கூப்பிட்டார். பழைய டிரைவரையே திரும்பப் போட்டதும் படம் கணீரென்று தமிழ் பேசியது.

“இத்தனை நாளா சத்தமில்லாமலா சார் காட்டினீங்க?” என்றேன்.

“சத்தம் வந்தா மட்டும் புரிஞ்சிக்கினு கிழிக்கப் போறானுங்களா? எல்லாம் ஒடிசாக்காரனுங்கப்பா.”

“அப்புறம் இப்ப எதுக்கு ரிப்பேர்?”

“நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வர்றாரு. அவருக்குத் தமிழ் தெரியும்.”

சொல்லிவிட்டு, அணைந்த திரையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். அந்தத் தலைக்கு ஹெல்மெட் தேவையில்லைதான்.