பெருக்கமரத்தடிக் காவல்

போன பெரிய வெள்ளியன்று வவுனியாவில் மருந்து வாங்கப் போனபோது, மாதா கோவிலுக்குள்ளிருந்து மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர்கள் மணி அடிப்பதில்லை. டக், டக் என்று ஒரு வறண்ட சத்தம். சைவக்காரனான உனக்கு அதில் என்ன என்று கேட்பீர்கள். மருந்துச் சீட்டைப் பிடித்தபடி, எதற்கு வந்தேன் என்பதையே மறந்து வெயிலில் நின்றேன்.

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது பூநகரிக் கரையில், எண்பத்து நான்காம் ஆண்டு. அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தால் வரும். பொழுதுபோக்குக்கு என்னிடம் இருந்தவை ஒரு கைக்கடிகாரம், ஒரு குறிப்புப் புத்தகம், எதற்கும் தேதி கேட்கும் வியாதி. மூன்றையும் கொண்டுபோய் ஊர் எல்லையில் நின்ற பெருக்கமரத்தடியில் இறக்கினேன். யானைக்கால் போன்ற அடிமரம். நூல் பிடித்துச் சுற்றளவை அளந்தேன்: இருபத்தொரு முழம்.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தது. ஒளித்து வந்த சுவாமிமார் அந்த மரத்தடியில்தான் பூசை வைத்தார்கள் என்று ஊர் சொல்லும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கும் பூசைக்கு மணி கிடையாது, மரக்கட்டைதான். பாட்டும் முணுமுணுப்புத்தான். ஒரே ஒரு குடும்பத்து ஆள் மட்டும் பீடத்துக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்துக் காவல் நிற்க வேண்டும். பூசை முடியும்வரை திரும்பக் கூடாது.

நான் போன காலத்தில் அந்தக் காவல் பிலோமினா அக்காவிடம் இருந்தது. புருஷன் கடலோடு போன பிறகு அவ நின்றா.

"என்ன பிலோமினா, ஒல்லாந்தன் வாறானோ?" என்று பகிடி விடுவார்கள்.

"வந்தால் உன்ரை அழுகின மீனைக் குடுத்து விடுறன். கப்பலைத் திருப்பிக்கொண்டு ஓடிடுவான்."

அந்த வருடம் அவவின் ஒரே மகள் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அந்த மரத்தடியில்தான். பூசைக்கு இரண்டு மாதம் முன்பே அக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தா.

"மாஸ்டர், சுவாமிக்கு ஒரு கடிதம் எழுதித் தருவியளோ? பிள்ளை நன்மை எடுக்கேக்கை மட்டும் ஒருக்காத் திரும்பிப் பாக்கலாமோ எண்டு."

"ஓம் அக்கா, எழுதிறன்."

எழுதினேன்தான். ஆனால் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே. வழக்கம் எப்போது தொடங்கியது, முன்பு யாராவது திரும்பியிருக்கிறார்களா என்று ஆதாரம் இல்லாமல் எப்படிக் கேட்பது? யாழ்ப்பாணத்தில் இரண்டு பேருக்கு விசாரித்து எழுதினேன். பதில் வரவில்லை. சுவாமிக்கு எழுதிய கடிதம் ஒல்லாந்தர் சட்டத்தோடு ஐந்து பக்கமாக வளர்ந்து, மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. அக்கா இரண்டு தரம் கேட்டா. "வரும், வரும்" என்றேன். பூசை நாள்தான் வந்தது.

காலை வெயில். அக்கா பாதையைப் பார்த்து நின்றா. புதுநன்மைப் பிள்ளைகள் முன்னால் போனார்கள். கட்டை தட்டியது. அவவின் தோள் இரண்டும் ஒருமுறை உயர்ந்தன. தலை திரும்பவில்லை. நான் குனிந்து நேரத்தை எழுதினேன்: 6.52.

பூசை முடிந்ததும் என்னிடம்தான் ஓடி வந்தா.

"பாத்தனீங்களோ மாஸ்டர்? எப்பிடி நிண்டவள்?"

"வடிவா நிண்டவள் அக்கா."

"தலையிலை பூ வைச்சு விட்டனான். விழேல்லையோ?"

"இல்லை, விழேல்லை."

நான் பார்க்கவேயில்லை. நான் நிமிர்ந்தபோது பிள்ளை திரும்பி வந்து கூட்டத்துக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு அங்கே பூசை நடந்ததாக நான் அறியவில்லை. பாதைகள் மூடின. எண்பத்தாறில் தாயும் மகளும் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்ததாக இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் அந்தச் சுவாமியைக் கண்டபோது, வெட்கத்தை விட்டு, அனுப்பாத கடிதத்தின் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கென்ன மாஸ்டர்? நான் போய் அவவின்ரை இடத்திலை ஆரையேன் நிப்பாட்டியிருப்பனே. ஒரு வரி எழுதியிருந்தால் காணும்."

சண்டை முடிந்து பல காலத்துக்குப் பிறகு அங்கே போனேன். மரம் இல்லை. யார் தறித்தார்கள், எப்போது என்று கேட்க அந்தப் பக்கத்து ஆட்களும் இல்லை. உப்புக் காற்று மட்டும் தடையில்லாமல் வந்தது. காவல் நிற்கும் இடம் இதுதான் என்று ஒரு குத்துமதிப்பில், பாதையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

குறிப்புப் புத்தகம் நான்கு இடப்பெயர்வுகளிலும் என்னோடு வந்தது. நேற்றும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொரு முழம். 6.52. எல்லாம் சரியாக இருக்கிறது. பிள்ளையின் தலையில் என்ன பூ என்று அக்காவிடம் கேட்டுக்கூட எழுதவில்லை.