அப்பாவு இழுத்துக் கட்டிய அறை

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பாவு என்று ஒருவன் இருந்தான். பால் மரம் வெட்டுவதில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. அவன் கத்தி பட்டையை மட்டும் சீவும், மரத்தைக் காயப்படுத்தாது. ஆட்களை மேய்க்கும் தண்டல், புதிதாக வந்தவர்களை அவன் மர நிரைக்குத்தான் கூட்டிக்கொண்டு போய், “பாரு, இப்படி வெட்டணும்” என்று காட்டுவார்.

ரப்பர் காட்டைவிட்டு வெளியே வந்தால் அதே கைக்கு என்ன ஆகுமோ, ஒரு காரியத்தையும் முடித்து வைக்காது. எதைக் கேட்டாலும் “பாக்கலாம்” என்பான். கோழி வாங்கி வளர்க்கலாமா என்றால் பாக்கலாம். கூரை ஒழுகுகிறது என்றால் பாக்கலாம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் அதே பேரில் இன்னொருவனும் இருந்ததால் இவனுக்குப் ‘பாக்கலாம் அப்பாவு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யவே அவனுக்கு ஒரு மாதம் ஆகும்.

லயத்தின் கடைசி வீடு அவனுடையது. வீடு என்றால் ஓர் அறை, முன்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஓடும் அஞ்சடித் தாழ்வாரம், பின்னால் ஓர் அடுப்படி. அந்த ஓர் அறையில் அவனும், மனைவி முத்தம்மாவும், மகள் பாப்பாவும், புருஷனை இழந்த அக்கா கருப்பம்மாளும் இருந்தார்கள். நடுவில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு இரண்டு அறை என்று பேர் பண்ணிக்கொண்டார்கள். கடைசி வீடு என்பதால் லயத்துத் தண்ணீர் முழுவதும் அதன் ஓரமாக வந்து பள்ளத்தில் தேங்கும். மழை பெய்தால் தரை ஊறும். மழை விட்டால் கொசு வரும்.

அந்த ஈரத்தில்தான் பாப்பாவுக்குப் பின் பிறந்த ஆண் குழந்தை காய்ச்சலில் போனது. அது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனதும் முத்தம்மா புருஷனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

“இந்தாங்க, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தத் தரையில இன்னொரு புள்ளயப் பெத்துப் போட மாட்டேன். ஒண்ணு ஈப்போவுக்கு எங்கண்ணன்கிட்டப் போயிருவோம். இல்லாட்டி, பின்னால மேட்டுல ஒரு ரூம் இழுத்துக் கட்டுங்க. ரெண்டுல எதச் செஞ்சாலும் எனக்குச் சம்மதம்.”

“பாக்கலாம் முத்தம்மா.”

அவளுடைய அண்ணன் ராமையா ஈப்போவில் ரயில் தண்டவாள வேலையில் இருந்தான், அங்கேயே புந்தோங்கில் குடியிருந்தான். தங்கச்சியின் துக்கம் அவனையும் அரித்திருக்க வேண்டும். கொஞ்ச காலத்தில் அவனே தோட்டத்துக்கு வந்து நின்றான்.

“மச்சான், எங்க பக்கத்து வீடு காலியாயிருச்சு. கால் வச்சுத் தூக்கிக் கட்டுன பலகை வீடு. ரெண்டு ரூம் இருக்கு, சொட்டுத் தண்ணி உள்ள வராது. எங்க கேங்லயும் ஆள் எடுக்குறாங்க. வாரீங்களா?”

அப்பாவு ரயிலேறிப் போய் வீட்டைப் பார்த்தான். பலகைகளைத் தட்டிப் பார்த்தான், வீட்டுக்கு அடியில் குனிந்து போய்ப் பார்த்தான், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தான். எல்லாமே அவனுக்குப் பிடித்திருந்தது. திரும்பி வந்து, “நல்ல வீடுதான்” என்றான். முத்தம்மா அன்றைக்கே பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு யோசனை வந்தது. கருப்பம்மாள், “எம் புருஷனப் பொதச்ச மண்ண விட்டு நான் எங்கடா வருவேன்?” என்றாள். அவனுக்கு மரத்தைத் தெரியும், தண்டவாளத்தை யாருக்குத் தெரியும்? அங்கே விறகைக்கூட விலைக்கு வாங்குகிறார்களாம். இப்படி இழுத்துக்கொண்டிருக்கையில் ஆடி பிறந்தது. ஆடியில் யாராவது குடி போவார்களா? ஆவணியில் ராமையா ஆள் சொல்லி அனுப்பினான். பாக்கலாம் என்று பதில் போயிற்று. புரட்டாசியும் குடி போக ஆகாத மாதம். ஐப்பசியில் விடாத மழை. அந்த மழையிலேயே செய்தி வந்தது, பக்கத்து வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது என்று.

அதைக் கேட்டபோது அப்பாவுக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை அல்லவா? பின்னாளில் அவன் தன்னையே மன்னிக்க முடியாமல் போனவற்றில் அந்த நிம்மதியும் ஒன்று.

முத்தம்மா சண்டை போடவில்லை. கவிழ்த்து வைத்த பானைகளை நிமிர்த்தி எடுத்துக்கொண்டாள். “அப்ப ரூமாவது கட்டுங்க” என்று மட்டும் சொன்னாள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மூலம் துரையைக் கேட்டு உத்தரவும் வாங்கியாயிற்று. பலகை வந்தது, கூரைக்கு அத்தாப்பு ஓலை வந்தது. மார்கழியில் எதையும் தொடங்கக்கூடாது என்று இன்னும் ஒரு மாதம் தப்பித்தான். பிறகு தை பிறந்தது. பஞ்சாங்கமும் அவனைக் கைவிட்டது.

முதல் கால் நடுகிற நாளில், மஞ்சள் பூசிய மரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கருப்பம்மாள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் மண் வெட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, குடி மாறவும் கூடாது. பிள்ளை பிறந்து தீட்டுக் கழியும்வரை வீடு இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். லயத்தில் அதை மீறியவர் யாருமில்லை.

“முத்தம்மா, முழுகாம இருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிரு. புள்ள பொறந்தப்புறம் கட்டிக்கலாம்.”

அப்பாவு கடப்பாரையில் சாய்ந்துகொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்தாள்.

“இல்ல அண்ணி. கால் நடச் சொல்லுங்க.”

வேறொருவனாக இருந்தால் தை முடிவதற்குள் கூரை போட்டிருப்பான். அப்பாவு நட்ட காலை மறுநாள் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நடுவான். வாசலைக் கிழக்கே வைப்பதா வடக்கே வைப்பதா என்று தை மாதத்தில் பாதியைத் தின்றான். முத்தம்மா காலையில் பால் வெட்டிவிட்டு வந்து, மத்தியானம் மேட்டிலிருந்து மண் சுமந்து தரையை உயர்த்தினாள். அவளுக்கு அப்படி ஒரு அவசரம். “ஓடியா போகுது ரூம்?” என்று அவன்கூடக் கிண்டல் செய்தான்.

வீட்டுக்கு விலக்கான நாட்களில் அந்த லயத்துப் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். அஞ்சடியில் தனிப் பாய், தனித் தட்டு. தையிலும் முத்தம்மா அப்படி ஒதுங்கிப் படுத்தாள், மாசியிலும் படுத்தாள். மாசியில் சாரல் அஞ்சடிக்குள் வந்து அடித்தது. கருப்பம்மாளுக்கே மனசு கேட்காமல், “உள்ள வந்து மூலையில படுத்துக்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள்.

“வேணாம் அண்ணி. வேல நடக்குற வீடு. தீட்டுப் பட வேணாம்.”

அப்பாவுதான் அவளுக்குத் தட்டில் சோற்றைக் கொண்டுவந்து, தொடாமல் வைத்துவிட்டுப் போனான். அவள் பாய் பாதி நனைந்திருந்ததையும் பார்த்தான். ரூம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் வரிசையில் நின்றபடியே அவளுக்கு நடுக்கம் கண்டது. அனலாகக் காய்ந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொய்னா மருந்து கொடுத்துப் படுக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அப்பாவு கூரைமேல் உட்கார்ந்து கடைசி அத்தாப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது கருப்பம்மாள் பின்கட்டுக்கு வந்து நின்றாள். கையெல்லாம் ரத்தம்.

“எறங்குடா. போயிருச்சு. மூணு மாசம் தாண்டியிருக்கும்.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. “என்னக்கா சொல்ற? போன மாசம்கூட வெளியிலதான படுத்திருந்தா?”

கருப்பம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “நம்ம கண்ணுல படணும்னு படுத்திருக்கா” என்றாள் பிறகு.

மண்ணை வெட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று கருப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அடிக்கும் சாரலில், கொசுக் காட்டில், வெளியே கிடந்ததால் வந்த காய்ச்சல்தான் கருவைக் கலைத்தது என்றார் டிரஸ்ஸர். யார் சொல்வது சரி என்று அப்பாவு விசாரிக்கவில்லை. தானாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்பதற்கு அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

“ஏன் முத்தம்மா மறைச்ச?”

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

“சொல்லியிருந்தா கடப்பாரயக் கீழ போட்டிருப்பீங்க.”

பொய் என்று சொல்ல அவனால் முடியவில்லை. அன்றைக்குக் கடப்பாரையில் சாய்ந்து நின்றபோது, அவள் ‘ஆமாம்’ என்று சொல்ல மாட்டாளா என்றுதான் அவன் காத்திருந்தான். சொல்லியிருந்தால் ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பான், ஊரும் அவனைக் குறை சொல்லாது. அந்த ஆசை அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் ‘இல்ல’ என்றாள். ஈரமில்லாத தரையில் ஒரு பிள்ளையைப் போட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவள் கேட்கவில்லை. தான் ஒரு மாதத்தில் கட்டி முடித்திருந்தால் அவள் இரண்டாம் தடவை அஞ்சடியில் போய்ப் படுத்திருக்க வேண்டாம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அப்பாவு அழுதான். அவள் அதற்கும் திரும்பவில்லை.

அறை நன்றாகவே அமைந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு குண்டூசி நுழையாது. மழையிலும் தரை காய்ந்தே கிடந்தது. லயத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, “பாக்கலாம் அப்பாவு கட்டுனதா இது?” என்று மெச்சினார்கள். கருப்பம்மாளும் பாப்பாவும் அதில் படுத்தார்கள். முத்தம்மா மட்டும் பழைய அறையிலேயே பாயைப் போட்டாள். புது அறைக்குப் பின்னால், மேட்டில், கருப்பம்மாள் அந்தக் கருவைப் புதைத்த இடத்தில் ஒரு சிறிய கல் கிடந்தது. முத்தம்மா அந்தப் பக்கமாகப் போனால் கல்லைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள்.

அடுத்த வருஷம் சித்திரையில் ராமையா மறுபடி வந்தான். புந்தோங்கில் இன்னொரு வீடு காலியாகியிருந்தது. முன்னதைவிடப் பெரியது, பின்னால் காய்கறி போட இடமும் இருந்தது.

“என்ன மச்சான், இந்தத் தடவயாவது வாரீங்களா?”

“போலாம்” என்றான் அப்பாவு. ராமையா கேட்டு வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டான். “இந்த மாசமே வாரோம். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். தண்டல்கிட்டயும் நானே சொல்லிர்றேன்.”

ராமையா அவனை ஏற இறங்கப் பார்த்தான். முத்தம்மா அஞ்சடியில் உட்கார்ந்து முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பி, “நீ என்ன தங்கச்சி சொல்ற?” என்று கேட்டான்.

அவள் விரல் நின்றது. வீட்டுக்குப் பின்னால் மேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அரிசியைக் கிளறினாள்.

“பாக்கலாம்ண்ணே” என்றாள்.

 அந்தச் சொல் பதிலாகத் தன்னிடம் வந்தது அப்பாவுக்கு அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் அதைப் பிறருக்குச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம்.